பத்தொம்போது கல்லு

ஞானதுரையப் பத்தி விசாரிக்கத்தான வந்திய? எனக்கு அப்பவே தெரியும். கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு வீட்டப் பாக்காம தரைய எட்டிப் பாத்தா, வேற எதுக்கு வந்திருக்கப் போறிய? வாங்க, உள்ள வாங்க. செருப்ப அங்கனயே விட்ருங்க. காலு ஈரமா இருந்தா மிதியடியில துடைச்சுக்கிடுங்க, இந்த டைல்ஸ் கல்லு ஈரத்துக்கு வழுக்கும்.

அந்த மூலையில மட்டும் நிக்காதிய. அதான், அந்த ஜன்னலோரம். ஒண்ணுமில்ல, உடைஞ்செல்லாம் போகாது. எனக்கு யாரும் அங்கன நின்னா ஆகாது, அவ்வளவுதான். இந்தச் சேர்ல இருங்க. எத்தன சதுரடி உங்களுக்கு? ஆயிரத்து இரநூறா? அடேயப்பா. ரெண்டு பேருக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய வீடு? சரி, உங்க வீடு, உங்க இஷ்டம்.

டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குல்லா? அது பக்கத்து வீட்டு மாடி. எங்க கொழுந்தன் வீடு. கொழுந்தன் வீடுன்னு பேருக்குத்தான் சொல்லுதேன், எல்லாம் என் ஓரகத்தி செண்பகம் ராஜ்ஜியம். ஞானதுரை இப்ப அங்கதான் நிக்கான். சாயந்தரம் முடிஞ்சுரும். பொறவு நீங்க தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. ஆளு எப்படின்னு கேட்டா, கல்லு போடுததுல வேலைக்காரன்தான். நான் இல்லைங்கல. ஆனா அவன்கிட்ட வேலை வாங்கணும்னா அவன் குணம் தெரியணும். முடியாதுங்கிற வார்த்தை அவன் வாயில வராது. எதக் கேட்டாலும் "செஞ்சிருவோம்க்கா"ம்பான். மறுநாள் ஆளு வராது. போன் பண்ணினா வண்டியில வந்துக்கிட்டே இருக்கேம்பான். இல்லன்னா ஒரு சாவு வீட்டுல நிப்பான். என் வீட்டு வேலை முடியதுக்குள்ள அவனுக்கு நாலு பெரியம்மா செத்துட்டாவ.

அவன எனக்குக் காட்டிக் குடுத்தது யாருங்கிய? செண்பகந்தான். மொதல்ல அவ வீட்டுக் கீழ்த் தளத்துக்கு அவன்தான் கல்லு போட்டான். ஒண்ணுக்கு ஒண்ணு, சின்னக் கல்லு, வெள்ளை. நான் போயி பாத்தேன். நல்லாருக்குன்னேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. எங்க வீட்ல அவுக, "என்னளா, உடம்புக்கு என்ன?"ன்னு கேட்டாவ. உடம்புக்கு ஒண்ணுமில்லன்னேன். அவுக பேப்பர எடுத்துக்கிட்டாவ.

பொறாமைன்னு நெனைக்காதிய. எனக்கு யாரு மேலயும் பொறாமை கெடையாது. அவ வீட்டுல தங்கத்தால தரை போடட்டும், எனக்கென்ன? வெசனம் வேற. அதச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஒரே பையன். சிவசைலம். சைலுன்னுதான் கூப்பிடுவோம். ஓசூர்ல கம்பெனியில இருக்கான். அவன் பொறந்த ஆறாம் மாசம் எனக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கெடைச்சுது. ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும். காலையில ஏழரைக்குக் கெளம்பினா வீட்டுக்கு வர நாலரை, அஞ்சாயிரும். செண்பகத்துக்குப் பிள்ளை இல்ல. அன்னைக்கும் இல்ல, பொறவும் இல்ல. "நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க"ன்னா. இருபத்தாறு வருசம் முந்நூறு பிள்ளைக்கு நான் சோறு போட்டேன். எம் பிள்ளைக்கு அவ போட்டா. அவன் மொத மொத நடந்தது அவ வீட்டுல. பல்லு விழுந்தது அவ வீட்டுல. இப்பவும் ஊருக்கு வந்தான்னா பையக் கொண்டாந்து இங்க வைப்பான், சாப்பாடு அங்க. கேட்டா, "சித்தி கூப்டாவம்மா"ம்பான். நான் கூப்பிடாமயா இருக்கேன்? எனக்கு மட்டும் வாயில்லையா?

இருங்க, காப்பி பொங்கிரும்.

ம். சீனி போதுமா? செண்பகம் காப்பியில சீனிய அள்ளிக் கொட்டுவா. அதான் ஞானதுரை ஆளுக்கெல்லாம் அங்க குடிக்கத்தான் பிடிக்கும்.

போன பங்குனியில மருமக உண்டாகியிருக்கது ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. ஏழாம் மாசம் ஆனியில வருது, வளைகாப்பு வைக்கணும். எங்கள்ல மாப்பிள்ளை வீட்டுல வச்சுத்தான் வளையல் போட்டு அனுப்பணும். ஒரு நாள் சைலு போன் போட்டான். "அம்மா, நம்ம வீட்டுத் தரையெல்லாம் பேந்து கெடக்கு. ராஜபாளையத்து மாமனார் வீட்டு ஆளுக வந்தா உக்கார வைக்க முடியாது. வளைகாப்ப சித்தி வீட்டு ஹால்ல வச்சுக்கிடுவோம். சித்திகிட்ட கேட்டுட்டேன்"ன்னான்.

கேட்டுட்டேன்னான், பாத்துக்கிடுங்க. என்கிட்ட கேக்கதுக்கு முன்ன அவகிட்ட கேட்டுட்டான்.

என் மருமகளுக்கு வளைகாப்பு, அடுத்த வீட்டு ஹால்லயா? சம்பந்தி வீட்டுக்காரி என்ன நெனைப்பா? மாமியாக்காரி ஒருத்தி இருக்காளா செத்துட்டாளான்னு கேக்க மாட்டா? போன வச்சுட்டு அந்தானைக்கு ஞானதுரைக்குப் பேசினேன். "ஆனி பதினெட்டுக்குள்ள என் வீட்டுக்குக் கல்லு போட்டு முடிக்கணும், முடியுமா முடியாதா?"ன்னேன். "செஞ்சிருவோம்க்கா"ன்னான்.

என்ன கல்லு போடுததுன்னு ஒரு பேச்சு வரும்லா. அப்பத்தான் அவன் வாயத் தொறந்தான். செண்பகம் மாடியில ஒரு ரூம் கட்டியிருக்காளாம், அதுக்கு ரெண்டுக்கு ரெண்டு, சந்தன நெறத்துல ஊதாக் கோடு ஓடுத கல்லு சொல்லி வச்சிருக்காளாம். கீழ போட்டது பத்தாதுன்னு மாடிக்கு வேற. மாடி ரூம்ல யாரு படுக்கப் போறா, காக்காயா? "எனக்கும் அதே கல்லு. அவளுக்கு எறக்கதுக்கு முன்ன எனக்கு எறக்கணும்"ன்னு சொல்லிட்டேன். அவன் ஒரு நிமிசம் என்னப் பாத்தான். பொறவு செஞ்சிருவோம்னான்.

இப்ப உங்களுக்கு ஒரு உபகாரமாச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கல்ல நேரா வரிசையாப் போடச் சொல்லுங்க. நான் கெட்டது அதுலதான். செண்பகத்துக்கு நேராத்தான் போடுதான்னு தெரிஞ்சதும், எனக்குக் கோணத்துல போடுடேன்னேன். டைமண்ட் டிசைன். "யக்கா, வேண்டாம். ஓரத்துலயெல்லாம் பாதி பாதியா அறுக்கணும். சேதாரம் கூடும். கல்லு பத்தாமப் போயிரும், அதே கல்லு பொறவு கெடைக்காது"ன்னு தலபாடா அடிச்சுக்கிட்டான். ஒருநாளும் முடியாதுன்னு சொல்லாதவன் அன்னைக்குச் சொன்னான். நான் கேக்கல. அவ வீட்டுல இருக்கதையே என் வீட்டுலயும் போடுததுக்கு நான் எதுக்கு வீட்ட ஒடைக்கணும்?

வேலை ஆரம்பிச்சான். அந்த வயித்தெரிச்சலக் கேளுங்க. வேலை என் வீட்டுல, டீ அவ வீட்டுல! பதினோரு மணி ஆனா அவனும் அவன்கூட வேலை பாக்குத ரெண்டு ஒடிசாக்காரனுவளும் செவுரு வழியா எட்டிப் பாப்பானுவ. இவ தட்டுல வடையோட நிப்பா. "வடிவக்காவுக்கு ஒடம்பு முடியாது, அவுகளத் தொந்தரவு பண்ணாதிய"ன்னு சொல்லுவாளாம். எனக்கு என்ன ஒடம்பு முடியல? நான் போட்ட டீ அப்படியே ஆடை படிஞ்சு இருக்கும். ஒரு நாள் சொல்லிட்டேன், "ஞானதுரை, எங்க டீ குடிக்கியோ அங்கயே வேலையும் பாரு"ன்னு. அன்னைக்குச் சாயந்தரமே அவனோட ரெண்டாவது பெரியம்மா செத்துப் போச்சு. மூணு நாளு ஆளு இல்ல.

ஒரு நல்ல காரியம் அவன்கிட்ட படிச்சேன். காசு தட்டுதது. பழைய அஞ்சு ரூபாக் கட்டிக் காசு இருக்குல்லா, இந்தா பாருங்க, முந்தியிலயே முடிஞ்சு வச்சிருக்கேன். கல்லு போட்டு மூணு நாள் கழிச்சு ஒவ்வொண்ணா நாலு மூலையிலயும் தட்டிப் பாக்கணும். கலவை நெறைஞ்சிருந்தா கட்டியாச் சத்தம் கேக்கும். உள்ள பொள்ளலா இருந்தா பானையில தட்டுனாப்ல இருக்கும். பொள்ளல்னா நாளப்பின்ன உடையும். நான் ஒரு கல்லு விடாமத் தட்டினேன். ஏழு கல்லு பொள்ளல். எடுத்து மறுபடி போட வச்சேன். உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப அவ வீட்டுக் கீழ்த் தளத்தையும் தட்டிப் பாத்தேன். முழு ஹாலும். ஒண்ணுகூடப் பொள்ளல் இல்ல. அன்னைக்கும் சோறு எறங்கல.

வளைகாப்புக்கு நாலு நாள் இருக்கு, ஞானதுரை தலையச் சொறிஞ்சுக்கிட்டு வந்து நிக்கான். கல்லு பத்தல. ஜன்னலோரம் முழுசும் சிமெண்டாக் கெடக்கு. பத்தொம்போது கல்லு வேணும். கடையில அந்தக் கல்லு தீந்து போச்சு, கம்பெனியில இனி அந்த நெறம் வராதாம். "நான் அப்பவே சொன்னேம்லாக்கா"ங்கான். எனக்கு அழுகையே வந்துட்டு. பேசாம எல்லாரையும் அவ வீட்டுக்கே போச் சொல்லிருவமான்னு ஒரு நிமிசம் நெனைச்சேன். எங்க வீட்ல அவுக பேப்பர மடக்கி வச்சுட்டு, "ஒரு ஜமுக்காளத்த விரிச்சாப் போச்சு"ன்னாவ. அவுகளுக்கு எல்லாமே அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் அஞ்சு பெட்டியோட வந்து நின்னான் பாருங்க ஞானதுரை! அதே சந்தன நெறம், அதே ஊதாக் கோடு. "எங்கடே கெடைச்சுது?"ன்னேன். "சங்கரன்கோயில்ல ஒரு கடையில கெடந்துச்சுக்கா"ன்னான். ஒரு பெட்டி பிரிச்சுக் கெடந்துச்சு, அதுல ஒரு கல்லு கொறைவு. மொத்தம் சரியாப் பத்தொம்போது. எடம் நெறைஞ்சு போச்சு. நான் காசத் தட்டிப் பாத்தேன். கட்டிச் சத்தம். அந்த மனுசனக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வளைகாப்பு என் வீட்டுலதான் நடந்துச்சு. இதே ஹால்ல. முப்பது பொம்பளைய வந்திருந்தாளுவ. தரையப் பாத்தா மூஞ்சி தெரியும், அப்படித் துடைச்சு வச்சிருந்தேன். மருமகள நடுவுல மணையில உக்கார வச்சு, நான் மொதல்ல போட்டேன், சம்பந்தியம்மா போட்டாவ, பொறவு ஒவ்வொருத்தரா. செண்பகம் விடியங்காட்டியே எந்திருச்சு அஞ்சு வகை சாதமும் அவளே செஞ்சு கொண்டாந்து எறக்கிட்டு, அந்த மூலையில போயி நின்னுக்கிட்டா. கையக் கட்டிக்கிட்டு. ஜன்னலோரம்.

நான் கூப்பிட்டிருக்கலாமேன்னு நெனைக்கிய. மூஞ்சியில தெரியுது. எங்கள்ல வழக்கம் அப்படி. பிள்ளை பெத்தவதான் போடணும். நான் உண்டாக்குன வழக்கமா? அவளுக்கும் தெரியும், அதான் தள்ளி நின்னா. அவ வருத்தப்பட்ட மாதிரியே தெரியல. சிரிச்ச முகமாத்தான் நின்னா.

சைலு வாசல்ல ஆம்பளைய கூட நின்னவன், நேரா உள்ள வந்தான். தட்டுல இருந்து பச்சைக் கண்ணாடி வளையல் ரெண்ட எடுத்தான். பொண்டாட்டியக் கையப் பிடிச்சு எழுப்பினான். முப்பது பேரையும் தாண்டி அந்த மூலைக்குக் கூட்டிட்டுப் போயி, "சித்தி, நீங்க போடுங்க"ன்னான். அவ "வேண்டாம்டே, சைலு, வேண்டாம்யா"ன்னு பின்னாலயே போறா. செவுத்துல முட்டிட்டா. பொறவு என்னப் பாத்தா. "அக்கா?"ன்னா.

முப்பது பேரும் என்னப் பாக்காளுவ. "போடேன், யாரு வேண்டாம்னா"ன்னேன். வேற என்ன சொல்ல? அவ போட்டா. எம் மருமக அவ தோள்ல சாஞ்சு அழுதா. எம் பையன் அழுதான். சம்பந்தியம்மா மூக்கச் சிந்தினாவ. என் தரைய ஒருத்தி பாக்கல! டைமண்ட் டிசைனு, ஏழு கல்லத் தோண்டியெடுத்து மறுபடி போட்டது, ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லல. இன்னைக்கும் அந்த வளைகாப்பப் பத்திப் பேசினா, "உங்க ஓரகத்திக்கு அன்னைக்கு"ன்னுதான் ஆரம்பிக்காளுவ.

காப்பியக் குடிங்க, ஆறுது.

அத்தோட முடிஞ்சிருந்தா நான் எதுக்கு உங்ககிட்ட பொலம்பப் போறேன்? கார்த்திகை தீபத்தன்னைக்கு அவ மொட்டை மாடியில வெளக்கு வைக்கணும்னு என்னையும் கூப்பிட்டா. மாடி ரூம் கதவு அதுவரைக்கும் சாத்தியேதான் கெடக்கும். ஒருநாளும் தொறந்து காட்டுனதில்ல. அவ எண்ணெய் எடுக்கக் கீழ எறங்கினா. நான் கதவத் தள்ளிட்டேன். முந்தியில காசு இருக்கு. ஒரு கல்லாவது பொள்ளலா இருக்காதான்னுதான். வேற ஒண்ணுமில்ல.

லைட்டப் போட்டேன். முக்காவாசி ரூம்ல கல்லு போட்டிருக்கு. ஜன்னலோரம் மொட்டைச் சிமெண்டு. பாதியிலயே நிக்கி! எம் மனசு இருக்கே, அப்படியே குளுந்து போச்சு. உண்மையச் சொல்லுதேன், அந்த வருசத்துல அம்புட்டுச் சந்தோசம் நான் பட்டதில்ல. நம்ம வீடு முடிஞ்சு போச்சு, இவ வீடு முடியல.

பொறவுதான் பாத்தேன். சந்தன நெறம். ஊதாக் கோடு. புதுக் கட்டில் ஒண்ணு, பாலித்தீன் கூடப் பிரிக்கல. மேல உத்தரத்துல தொட்டில் கட்ட ஒரு கொக்கி. சைலுவும் மருமகளும் பிள்ளையோட வந்தா தங்கத்தான் அந்த ரூம். கொக்கியப் பாத்ததும் திரும்பவும் வயிறு எரிஞ்சுது. சிமெண்டாக் கெடந்த எடத்த வெரலால எண்ணினேன். ரெண்டடிக்கு ஒரு கல்லு. ஒரு தரம் எண்ணினேன். நம்பாம இன்னொரு தரம் எண்ணினேன். பத்தொம்போது.

அப்படியே கட்டில் விளிம்புல உக்காந்துட்டேன். அவ எண்ணெய்க் கிண்ணத்தோட வாசல்ல நிக்கா. "இது ஏன் இப்படிக் கெடக்கு?"ன்னேன். "கல்லு கெடைக்கலக்கா. பொறவு பாத்துக்கிடலாம். வாங்க, வெளக்கு அணைஞ்சுரும்"ன்னா. அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. சொல்லியிருந்தான்னா ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். உன்ன யாருடி கேட்டான்னு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சொல்லவே இல்லையே.

மறுநாள் ஞானதுரையப் பிடிச்சு உலுக்கிட்டேன். "யக்கா, சத்தியம் வாங்கிட்டாங்க. 'வளைகாப்பு எங்க அக்கா வீட்டுலதான் நடக்கணும். பாதித் தரையோட நடந்தா அவுக மனசு தாங்காது, எனக்குத் தெரியும்'னு சொல்லி, எறக்கி வச்சிருந்த பெட்டிய அவங்களே தூக்கிக் குடுத்தாங்க"ன்னான்.

எம் மனசு தாங்காதுன்னு அவளுக்குத் தெரியுமாம். அதத்தான்மா என்னால தாங்க முடியல. எம் பிள்ளைய எடுத்துக்கிட்டா, அவன் வாயில சித்தி, சித்தின்னு ஏத்திக்கிட்டா, கடைசியில என் நடு ஹால்லயே வந்து எடம் பிடிச்சுக்கிட்டா. அவ நின்ன எடம் எதுன்னு இப்பப் புரியுதா? அவ குடுத்த கல்லு மேலதான் நின்னிருக்கா. அதத் தாண்டி ஒரு எட்டு எடுத்து வைக்கல. நான் வாசல்ல இருந்து அடுப்படிக்குப் போகணும்னா அந்த மூலையச் சுத்தித்தான் போறேன். மிதிக்க மாட்டேங்குது காலு.

சரி, இப்ப அந்த மாடியில என்ன சத்தம்னு கேட்டியல்லா? நாந்தான் ஞானதுரைய அனுப்பியிருக்கேன். பத்தொம்போது கல்லு. திருநெல்வேலியில ஒரு கடை விடாம ஏறி எறங்கினேன், அந்த நெறம் இல்ல. கிட்டத்துல ஒண்ணு இருந்துச்சு, ஆனா இது கொஞ்சம் ரோஸ் அடிக்கும். வேணும்னே எடுத்தேன்னு நெனைக்காதிய. சரி, கொஞ்சம் வேணும்னுதான் எடுத்தேன். முழுசா ஒத்துப் போயிட்டா யாருக்குத் தெரியப் போகுது? அவகிட்ட எங்க கெடைச்சுதுன்னு சொல்லட்டும்னு ஞானதுரை கேட்டான். "எனக்குச் சொன்ன பொய்ய அவளுக்கும் சொல்லு"ன்னுட்டேன்.

அவ நம்பியிருக்க மாட்டா. காலையில செவுரு வழியா எட்டிப் பாத்து, "அக்கா, சங்கரன்கோயில் கல்லு நல்லாத்தான் இருக்கு"ன்னா. நான் பாத்திரம் கழுவுத மாதிரி உள்ள வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை சைலு வாரான். பிள்ளைக்கு அஞ்சாம் மாசம். மார்கழி முடியட்டும்னு இருந்தாவ, இப்பத்தான் கூட்டிட்டு வாராவ. எனக்குத் தெரியும், பைய இங்க வச்சுட்டுப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நேரா அந்த மாடிக்குத்தான் போவான். போகட்டும். நானும் பின்னாலயே போவேன். அவ வாங்கக்கான்னு கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டாலும் சரி. தொட்டில்கிட்டயெல்லாம் போக மாட்டேன். ஜன்னலோரம், அந்த ரோஸ் கல்லு பத்தொம்போதும் இருக்குல்லா, அதுமேல கையக் கட்டிக்கிட்டு நின்னுக்கிடுவேன். ஒரு பார்வை பிள்ளையப் பாத்துக்கிடலாம்லா.